கொப்பி இல்லாத நோயாளி

“பங்குபற்றுனர் ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு வழமைக்கு மாறாக இருப்பின், முடிவு கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் அது அவருக்கு நேரில் அறிவிக்கப்படல் வேண்டும்.” எங்கள் ஆய்வுத் திட்டத்தின் ஏழாம் பிரிவில் மூன்றாவதாக இது இருக்கிறது. நல்ல விதி. எழுதியவன் நான்.

அதற்கு அடுத்த விதி இது: “பெயர்களையும் குறியீட்டு இலக்கங்களையும் கொண்ட பட்டியல் முத்திரையிட்ட உறையில் வைக்கப்படல் வேண்டும். நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல அனுமதியின்றி அதைத் திறத்தலாகாது.” இதையும் எழுதியவன் நான்தான். இரண்டையும் ஒரே பின்னேரத்தில், ஒரே பேனையால் எழுதினேன். குழு விரைவாகப் பதில் எழுதும் என்று நம்பினால் மட்டுமே இரண்டும் ஒன்றாக நிற்கும் என்பது அன்று எனக்குப் படவில்லை. குழுவில் இருந்தவர்களுக்கும் படவில்லை. இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லி அங்கீகரித்தார்கள்.

நான் குடும்ப மருத்துவன். அரச சேவையில் முப்பத்து நான்கு வருடங்கள். அதில் கடைசிப் பதினொன்று, பரந்தனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு சிறிய வைத்தியசாலையில். காலையில் நோயாளிகள், பின்னேரத்தில் மருத்துவ மாணவர்கள், மிஞ்சிய நேரத்தில் ஆய்வு. மூன்றையும் செய்தவர் என்று என் பிரியாவிடைக் கூட்டத்தில் பாராட்டினார்கள். மூன்றையும் செய்பவர் எதைக் கவனிக்காமல் விடுவார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரியாவிடைக் கூட்டத்தில் அதெல்லாம் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்தில் கிளினிக் நோயாளியின் கோவை வைத்தியசாலையில் இருக்காது. நோயாளியிடமே இருக்கும். சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி. மட்டையில் பெயர், வயது, கிளினிக் இலக்கம். உள்ளே மாதத்துக்கு ஒரு பந்தி: பிரஷர், சீனி, மருந்து, என் கையொப்பம். மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் இங்கே பலர். கொப்பியைத் தொலைத்தவர்கள் மிகக் குறைவு.

வைத்தியசாலையிலிருந்து ஐந்து மைல் தள்ளி, இரு பக்கமும் சிறு வீடுகளோடு ஒரு ஒழுங்கை இருந்தது. அங்கே இருப்பவர்கள் தேயிலைத் தோட்டங்களை விட்டு எழுபதுகளில் இறங்கி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். ஒரு துண்டு வயல் சொந்தமாக, மிச்ச நாட்களில் மற்றவர்களின் வயலில் வேலை. கிளினிக் நாளில் எல்லாரும் புறப்பட்டு வந்தால் அன்றைக்கு ஒழுங்கை முழுவதற்கும் வேலை போய்விடும். ஆகவே ஒருவர் வருவார். எல்லாருடைய கொப்பிகளையும் ஒரு பழைய உரப்பையில் போட்டுக்கொண்டு வந்து, எல்லாருக்கும் மருந்து வாங்கிக்கொண்டு போவார்.

அந்த ஒருவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எங்கள் தாதியை எல்லாரும் மிஸி என்றே கூப்பிடுவார்கள். மிஸி அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் கொப்பிக்காரம்மா.

“டொக்டர், கொப்பிக்காரம்மா வந்திட்டா. இண்டைக்கு ஒன்பது. ஒரு பஸ் சனத்தைத் தனிய இறக்கியிருக்கிறா.”

“ஏன் மிஸி, ஒம்பது பேரும் வந்து இந்த வாங்குல ஏறிக் குந்தினா உங்களுக்கு நல்லா இருக்குமா?”

“வாங்கு கிடக்கட்டும். ஆளைப் பாக்காம மருந்து குடுக்கேலாதெண்டு சுற்றுநிருபம் இருக்கு, தெரியுமோ?”

“அந்த நிருபத்த எங்க தாத்தாகிட்ட வந்து நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. அவரு அந்த ஒத்தக் காலோட பஸ் ஏறி வந்துட்டாருன்னா நான் இந்தப் பையத் தூக்கலைங்க.”

தாத்தா என்பவர் அவருடைய பக்கத்து வீட்டுக் கிழவர். ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது.

அந்தச் சுற்றுநிருபம் உண்மையில் உண்டு. அதன் இலக்கமும் எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் நேரில் வரவேண்டும் என்று ஒரு நிபந்தனையைப் போட்டு, மிச்ச இரண்டு மாதங்களுக்கும் கொப்பியைப் பார்த்து எழுதினேன். கொப்பிக்காரம்மா என் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு கொப்பியாக எடுத்து நீட்டி, அதற்குரிய ஆளின் சங்கதியைச் சொல்வார். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் குளிசையை ஒளித்து வைக்கிறார், யார் சீனி இல்லாத தேத்தண்ணி என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டியைக் கடிக்கிறார். நல்ல ஞாபகசக்தி. எங்கள் மாணவர்கள் பலரைவிட நன்றாக நோய் விபரம் சொன்னார்.

மருந்து கொடுக்கும் யன்னலில் மருந்தாளர் கொப்பியில் உள்ள பெயரைக் கூப்பிடுவார். ஒன்பது பெயருக்கும் கொப்பிக்காரம்மாவே எழும்பிப் போவார். ஆண் பெயருக்கும் எழும்புவார். அங்கே யாரும் சிரிப்பதில்லை. கொப்பி யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பெயருக்கு எழும்ப வேண்டும். அது அந்த ஒழுங்கையின் விதி. அதை நான் எழுதவில்லை.

மாணவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு கொப்பியைப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

ஆய்வுக்கு வருகிறேன். வயல் வேலை செய்யும் குடும்பங்களில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. செட்டிகுளம் பக்கத்தில் இதைப் பற்றிய கதை கனகாலமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. இந்த நோய் கடைசிவரை சத்தம் போடாது. நேரத்தோடு கண்டால் பிரஷரைப் பிடித்து, சில குளிசைகளை நிறுத்தி, தண்ணீரைக் கவனித்து, வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகலாம். பிந்தினால் வாரத்துக்கு இரண்டு தரம் மெசினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் இரத்தப் பரிசோதனையின் பயன் முழுவதும் அந்த நேரத்தில்தான் இருந்தது. பதினான்கு நாட்கள் என்று நான் எழுதியதற்கும் காரணம் அதுதான்.

வழமையான படிவத்தில், இரத்தம் கொடுக்க வருபவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று இருந்தது. நான் அதில் “அல்லது கிளினிக் கொப்பியை” என்று சேர்த்தேன். ஏன் என்று குழு கேட்டது. இந்த மாவட்டத்துச் சனத்தின் அட்டைகள் எப்படி எப்படித் தொலைந்தன என்று இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய உத்தியோகக் கடிதங்களில் அதுவே சிறந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

பெப்ரவரியில், அந்த ஒழுங்கைக்குப் பக்கத்து வாசிகசாலையில் இரத்தம் எடுத்தோம். வீட்டுக்கு ஒருவர், பட்டியலில் குலுக்கி எடுத்த பெயர்கள். பெயரைக் கூப்பிட்டோம், கொப்பியைப் பார்த்தோம், இலக்கத்தை ஒட்டினோம். வெறும் வயிற்றில் வந்தவர்களுக்குப் பிறகு பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தோம். கூப்பிட்ட எல்லாப் பெயருக்கும் ஆள் வந்தது. ஒருவர்கூடத் தவறவில்லை. ஆய்வு செய்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒருநாளும் நடப்பதில்லை. நான் பெருமைப்பட்டேன்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து முடிவுகள் வந்தன. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். இருபத்தேழாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஆய்வுகூடக்காரர்கள் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். பெண். சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

உறை என் அறையின் இரும்பு அலுமாரியில் இருந்தது. சாவி என் காற்சட்டைப் பையில். நான் உறையைத் திறக்கவில்லை. அனுமதி கேட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன்.

ஏன் திறக்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். சில வருடங்களுக்கு முன்னர் அதே நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். இளம் வைத்தியர் ஒருவர், தன் ஆய்வில் ஒருவருக்குச் சீனி கூடிவிட்டது என்று அனுமதி இல்லாமல் பட்டியலைத் திறந்து, ஆளைக் கூப்பிட்டு மருந்து கொடுத்துவிட்டார். அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதியவன் நான். “நல்ல நோக்கம் நடைமுறைக்கு மாற்றீடு ஆகாது” என்று அதில் ஒரு வரி. அந்த வரி அப்போது பலருக்குப் பிடித்திருந்தது. எனக்கும்.

மே மாதம் தொலைபேசியில் கேட்டேன். குழுவின் எழுதுவினைஞர் மரியாதையாகக் கதைத்தார்.

“கடிதம் கிடைச்சது சேர். இணைப்பு மூன்றைக் காணேல்லை.”

“இணைப்பு மூன்று என்னத்துக்கு? அது கருத்தரித்திருக்கிற பெண்கள் பங்குபற்றுற ஆய்வுக்கு.”

“ஓம் சேர். அப்பிடியெண்டால் ‘பொருந்தாது’ எண்டு எழுதி வையுங்கோ. வெறுமையா இருக்கக்கூடாது.”

“பொருந்தாது” என்று எழுதி, மூன்று பிரதிகளில் அனுப்பினேன். ஜூனில் கூட்டத்துக்கு ஆட்கள் போதவில்லை. ஜூலையில் தலைவர் வெளிநாடு. பிறகு ஒன்றும் இல்லை. எனக்கு முறைப்பாடும் இல்லை. நான் குழுவில் இருந்த காலத்தில் நானும் இணைப்பு மூன்றைக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ஆய்வை மறந்துவிட்டு, அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரையும் வைத்தியசாலைக்கு வரச்சொல்லி, சாதாரண நோயாளிகளாக மறுபடி இரத்தம் பார்த்திருக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதல் பதினான்கு நாட்களில் அது எனக்குத் தோன்றவில்லை. ஓகஸ்டில் தோன்றியது. கடிதம் ஏற்கெனவே குழுவில் இருக்கிறது, இன்றோ நாளையோ பதில் வந்துவிடும், இடையில் குழப்பக்கூடாது என்று நினைத்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த மாதங்கள் முழுக்கக் கொப்பிக்காரம்மா வந்துகொண்டிருந்தார். ஒன்பது கொப்பி, சில மாதம் பத்து.

செப்டெம்பரில் புதிய மாணவர் குழு வந்தது. அதில் தெற்கிலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளை. தமிழை ஆறு மாதத்துக்கு முன்னர்தான் படிக்கத் தொடங்கியவர். நோயாளியிடம் விபரம் கேட்டுப் பழக ஒருவர் வேண்டும் என்றார். மருந்துக்குக் காத்திருந்த கொப்பிக்காரம்மாவைக் காட்டினேன். நன்றாகக் கதைப்பார், பொறுமைசாலி, பழக வசதி.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை திரும்பி வந்தார்.

“சேர், அந்த அம்மாவுக்குக் கொப்பி இல்லை.”

“ஒன்பது இருக்குமே.”

“ஒன்பது இருக்கு. நான் கேட்டேன், அம்மா, உங்கள் கொப்பி எது? அவர் சொன்னார், எனக்கு இல்லை. நான் மறுபடி கேட்டேன், விளங்கவில்லையோ என்று. மறுபடியும் இல்லை என்றார். அப்ப நான் பிரஷர் பார்த்தேன். சேர் வந்து பார்க்கிறீங்களா? நான் பிழையாகப் பார்த்திருக்கலாம்.”

பிழையாகப் பார்க்கவில்லை. நானும் பார்த்தேன், மிஸியும் பார்த்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. கையில் சொறிந்த தழும்புகள். முகம் ஊதியிருந்தது. ஆறு வருடமாக அந்த முகம் எனக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் இருந்தது.

“எத்தினை நாளா இப்பிடி, அம்மா?”

“காலுங்களா? அது இருக்குங்க, போன வருஷத்துல இருந்து. வயல்ல நின்னா வீங்கும், படுத்தா வத்தும். இப்ப வத்தறதில்ல.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னேங்களே ஐயா.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “இதுக்கு முதல் ரத்தம் எப்பவாவது பாத்ததோ?” என்று கேட்டேன்.

“நீங்கதான எடுத்தீங்க, வாசிகசாலைல வச்சு. பணிஸ் கூடக் குடுத்தீங்களே.”

“உங்கட வீடும் அந்தப் பட்டியலில இருந்ததோ?”

“எங்க வீடு இல்லைங்க. தங்கச்சி வீடு. அவ பேருதான் விழுந்துச்சு. அவ துணி தைக்கிற காமன்ட்ல லீவு குடுக்கல. கொப்பி ஏங்கிட்ட இருந்துச்சு. கூப்பிட்டாங்க, எந்திரிச்சேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “தப்பாங்க? ஒரே வயித்துல பொறந்தவங்கதான? ரத்தம் ஒண்ணுதான?” என்றார்.

அன்றைக்கே இரத்தம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் முடிவு வந்தது. இருபத்தேழாம் இலக்கத்தின் மிச்சமும் போயிருந்தது. அவர்தான் அது என்று அறிந்துகொள்ள உறையைத் திறக்கவேண்டி இருக்கவில்லை. ஆகவே விதி எதுவும் மீறப்படவில்லை.

மிஸி களஞ்சியத்திலிருந்து ஒரு புதுக் கொப்பி எடுத்து, மட்டையில் எழுதப் பெயரைக் கேட்டார். கொப்பிக்காரம்மா சொன்னார். எனக்கும் அன்றுதான் தெரியும்.

“இனிக் கிழமைக்கு ரெண்டு தரம் வவுனியாவுக்குப் போகவேண்டி வரும் அம்மா,” என்றேன். மெசின் என்ன செய்யும் என்று விளக்கினேன். எத்தனை மணித்தியாலம், எந்தக் கையில் ஊசி, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தன மாசத்துக்குங்க?”

“தொடர்ந்து.”

“அப்ப கொப்பியெல்லாம் யாருங்க கொண்டாறது?”

மிஸி வெளியே போய்விட்டார். நான் அடுத்த பந்தியை எழுதினேன்.

அடுத்த கிழமை தங்கச்சி வந்தார். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கத் தயார் என்று சொல்ல வந்தார். அவருக்கும் பிரஷர், அதற்காகத்தான் அவருடைய கொப்பி அந்தப் பையில் இருந்தது. கொடுக்க முடியாது என்று சொன்னேன்.

“ஐயா, அந்த ரிப்போட்டு எப்ப வந்திச்சு?”

“ஏப்ரலில.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. அக்காதான் போனாங்கன்னு.”

எனக்கு அதுவரை ஒரு சிறிய ஆறுதல் இருந்தது. உறையைத் திறந்திருந்தாலும் பிழையான பெயர்தான் இருந்திருக்கும், ஆகவே திறந்தும் பயனில்லை என்று. அதுவும் அன்றோடு சரி.

மற்றது, “சொன்னேங்களே ஐயா” என்றாரே, அது. அதைத் தேடிப் பார்த்தேன். ஒக்டோபர் கிளினிக்குக்கு ஒன்பது கொப்பிகளும் வேறொருவர் கையில் வந்தன. ஒவ்வொன்றையும் பின்பக்கமாகப் புரட்டினேன். கிழவரின் கொப்பியில், முந்தின வருடத்து நவம்பர் பந்தியில், என் கையெழுத்தில் இருந்தது: “இரண்டு கால்களிலும் வீக்கம். உடம்பு கடி, சொறிச்சல். உப்பைக் குறைக்கவும்.” கீழே என் கையொப்பம். அந்த நேரம் எந்தக் கொப்பி திறந்திருந்ததோ அதில் எழுதியிருக்கிறேன். ஒற்றைக் கால் கிழவருக்கு இரண்டு கால் வீக்கம். அதற்குப் பிறகு பத்து மாதம் அதே கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஒருதரமும் கண்ணில் படவில்லை.

மிஸியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு மூடி வைத்தார். “கிழவர் உப்பைக் குறைச்சவரோ தெரியேல்லை,” என்றார்.

மாணவர்களுக்குச் சொல்லும் அந்த வசனத்தை அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று தீர்மானிக்கவில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெற்குப் பிள்ளைக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் மொழித்திறன் என்ற இடத்தில் முழுப் புள்ளியும் போட்டேன்.

டிசம்பரில் ஓய்வுபெற்றேன். பொறுப்புக் கையளிக்கும் பட்டியலில் பதினெட்டாவது: “முத்திரையிட்ட உறை, ஒன்று, திறக்கப்படாதது.” எனக்குப் பிறகு வந்த வைத்தியர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தார். என் அனுமதிக் கோரிக்கையை நான் வாபஸ் வாங்கவில்லை. வாபஸ் வாங்குவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. அதைக் குழு அங்கீகரிக்க வேண்டும்.

பரந்தன் சந்திக்குக் கிட்ட வீடு. காலையில் பேப்பர் வாங்கப் போகும்போது வவுனியா பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் காண்பேன். கிழமையில் இரண்டு நாள் அவரும் நிற்பார். சில நாள் தங்கச்சி கூட, பல நாள் தனிய. கைகள் மெலிந்து, நிறம் மண்போல ஆகியிருந்தது. கடைசியாகக் கண்ட அன்று தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

“இருங்கோ, இருங்கோ அம்மா. எழும்பாதேங்கோ.”

“பழக்கமாயிருச்சுங்க.” மடியில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதைத் தட்டிக் காட்டினார். “இன்னைக்கு ஒண்ணுதாங்க.”

“தாத்தா எப்பிடி இருக்கிறார்?”

“கிளினிக்குக்குப் போறதில்லங்க. நான் போகாம அவரு எங்க போறது. தங்கச்சி மகன் ரெண்டு தரம் போனான், அவன மிஸி ஏசிப்புட்டாங்களாம். அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா.”

சொல்கிறேன் என்றேன். பஸ் வந்தது. ஏறுவதற்கு நடத்துனர் கை கொடுத்தார்.

மத்தியானம் போல மிஸி வீட்டுக்கு வந்தார், என் பெயருக்கு வைத்தியசாலைக்கு வந்த கடிதம் ஒன்றுடன். முதலில் தாத்தாவின் விஷயத்தைச் சொன்னேன். “நான் எங்க ஏசினனான்? ஆளை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா எண்டுதான் சொன்னனான்,” என்றார். பிறகு, “சரி, நான் வாற கிழமை அந்தப் பக்கம் போய்ப் பாக்கிறன்,” என்றார்.

கடிதத்தைத் திறந்தேன். நெறிமுறைக் குழு. என் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, குறியீட்டுப் பட்டியலைத் திறக்க அனுமதி வழங்கப்படுகிறது. இருபத்தேழாம் இலக்கப் பங்குபற்றுனருக்குப் பதினான்கு நாட்களுக்குள் அறிவித்து, அறிவிக்கப்பட்டதற்கு அவருடைய கையொப்பத்தைப் பெற்று இணைப்பில் உள்ள படிவத்தில் அனுப்பவும். இணைப்பு இருந்தது. மூன்று பிரதிகள்.

“பட்டியலில தங்கச்சியின்ர பேர் எல்லோ இருக்கும்,” என்றார் மிஸி. “ஆரிட்டக் கையெழுத்து வாங்கிறது?”

“பட்டியலில உள்ள ஆளிட்ட.”

மிஸி என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்தேன். கடிதம் கிடைத்தால் அதன் வலது மூலையில் கிடைத்த திகதியை எழுதிச் சுருக்கொப்பம் வைப்பது முப்பத்து நான்கு வருடப் பழக்கம். அலுவலகத்தில் அதற்கு இறப்பர் முத்திரை இருந்தது. வீட்டில் இல்லாததால் கையால் எழுதினேன்: பெப்ரவரி பதினொன்று.